எந்த மென்பொருள் என்பது இரண்டாவது கேள்வி: பொறியியல் மாணவருக்கு எண்முறைக் கணிப்பு ஓர் அறிமுகம்

ஓர் இருபடிச் சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். வர்க்க உறுப்பின் கெழு 1, அடுத்த உறுப்பின் கெழு 10 கோடி, மாறிலி 1. இதன் மூலங்கள் இரண்டும் குறை எண்கள். ஒன்றின் அளவு ஏறத்தாழ 10 கோடி. மற்றதன் அளவு ஏறத்தாழ 10 கோடியில் ஒரு பங்கு, அதாவது 10⁻⁸. பள்ளியில் கற்ற சூத்திரத்தை அப்படியே மேட்லாபிலோ ஆக்டேவிலோ பைத்தானிலோ எழுதி இயக்கினால் பெரிய மூலம் சரியாகவே கிடைக்கும். சிறிய மூலத்தின் அளவோ 7.45 × 10⁻⁹ என்று வரும். இது 25 சதவீதப் பிழை. திரையில் சிவப்பு எழுத்து தோன்றாது, எச்சரிக்கை வராது, சூத்திரத்தில் தவறு இல்லை, தட்டச்சிலும் தவறு இல்லை.

பொறியியல் படிப்பில் சேர்ந்து கணிப்பு மென்பொருளைத் தொடத் தொடங்கும் மாணவர்கள் முதலில் கேட்பது, 'எதைக் கற்பது, மேட்லாபா, பைத்தானா, இலவசமாகக் கிடைக்கும் ஆக்டேவா, சைலாபா, புதிதாக வந்த ஜூலியாவா?' என்பதாகும். கேள்வி நியாயமானதே. ஆனால் மேலே கண்ட பிழை எல்லா மென்பொருளிலும் ஒரே அளவில், ஒரே இலக்கங்களுடன் வருகிறது என்பதைக் கவனித்தால், அந்தக் கேள்வி இரண்டாம் இடத்துக்குரியது என்பது விளங்கும். எண்ணைக் கணினி எப்படி வைத்துக்கொள்கிறது, அணிகளை எப்படிக் கையாள்கிறது, தொடர்ச்சியாக மாறும் ஒன்றை எப்படித் துண்டு துண்டாக்கிக் கணக்கிடுகிறது என்ற மூன்றையும் அறிந்தவருக்கு எந்த மென்பொருளும் சில வாரங்களில் கைவந்துவிடும். இவற்றை அறியாதவர் கட்டளைகளை மனப்பாடம் செய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

இந்த மென்பொருள்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1970-களில் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தை மையமாகக் கொண்டு, ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் இரண்டு நூலகங்கள், அதாவது பிறர் எடுத்தாளக்கூடிய ஆயத்தப் புரோகிராம் தொகுப்புகள், உருவாயின. ஐகன் மதிப்புகளைக் கணக்கிட ஐஸ்பேக். நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்க லின்பேக். இரண்டிலும் பங்காற்றிய கணித அறிஞர் கிளீவ் மோலர், நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியபோது, ஒரு சிறிய அணிக் கணக்கைப் போடுவதற்குக்கூட மாணவர்கள் ஃபோர்ட்ரானில் ஒரு முழு புரோகிராம் எழுதித் தொகுத்து இயக்க வேண்டியிருந்தது. அந்தச் சுமையைக் குறைப்பதற்காகவே, அணியை நேரடியாகத் தட்டச்சு செய்து விடையைப் பெறக்கூடிய ஓர் ஊடாடும் கருவியை அவர் 1970-களின் பிற்பகுதியில் எழுதினார். அதுவே முதல் மேட்லாப். அதில் இருந்த தரவு வகை ஒன்றே ஒன்று, அணி. 1984-இல் ஜாக் லிட்டில், மோலர் முதலியோர் மேத்வொர்க்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியபின் அது வணிகப் பொருளாயிற்று.

ஆக்டேவின் கதையும் வகுப்பறையில்தான் தொடங்குகிறது. வேதியியல் உலைகளின் வடிவமைப்பைப் பற்றிய ஒரு பாடநூலுக்குத் துணைக்கருவியாக 1988 அளவில் அது திட்டமிடப்பட்டது. ஜான் ஈட்டன் 1992-இல் அதை முழுநேரமாக எழுதத் தொடங்கினார். பெயர் வந்தது ஆக்டேவ் லெவன்ஸ்பீல் என்ற வேதிப் பொறியியல் பேராசிரியரிடமிருந்து. துண்டுத் தாளில் நொடிப்பொழுதில் தோராயக் கணக்குப் போட்டுவிடும் திறனுக்குப் பெயர் பெற்றவர் அவர். கணினிக் கருவி ஒன்றுக்கு மனக்கணக்கில் வல்லவரின் பெயர் அமைந்தது பொருத்தமானது என்றே எனக்குத் தோன்றுகிறது; காரணம் பின்னர் விளங்கும். சைலாப் பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் வளர்ந்தது. பைத்தான் பொறியியலுக்காகப் பிறந்த மொழியன்று. 2006-இல் வெளிவந்த, அணிகளைக் கையாளும் நம்பை நூலகமும், அதனுடன் சேர்ந்து பயன்படும் சைபை, மேட்பிளாட்லிப் ஆகியவையும் அதைக் கணிப்புக் கருவியாக்கின. 2012-இல் அறிவிக்கப்பட்ட ஜூலியா, எழுதுவதற்கு எளிமையும் இயங்குவதற்கு வேகமும் ஒரே மொழியில் கிடைக்க வேண்டும் என்ற நோக்கில் உருவானது.

இந்த ஐந்தில் எதில் நேரியல் சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்கச் சொன்னாலும், உள்ளே பெரும்பாலும் வேலை செய்வது லின்பேக், ஐஸ்பேக் இரண்டின் வாரிசாக 1992-இல் வந்த லாபேக் நூலகமும், அதற்கு அடித்தளமான பிளாஸ் நூலகமும்தான். ஆகவே ஒன்றின் விடை மற்றதைவிடத் துல்லியமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை. வேறுபாடுகள் இருப்பது எழுதும் முறையிலும், உரிமத்திலும், துறைக்கேற்ற கூடுதல் தொகுப்புகளிலும்தான்.

இனி எண்ணுக்கு வருவோம். இம்மென்பொருள்களில் புள்ளி வைத்த ஓர் எண்ணைத் தட்டச்சு செய்தால் அது வழக்கமாக 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணாக வைக்கப்படுகிறது. 1985-இல் வெளியான ஐ.இ.இ.இ. 754 என்ற தரநிலையின்படி, அதில் 1 பிட் கூட்டல்-கழித்தல் குறிக்கும், 11 பிட் அடுக்குக்கும், 52 பிட் பின்னப் பகுதிக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. இதனால் ஓர் எண்ணில் ஏறத்தாழ 15 அல்லது 16 பதின்ம இலக்கங்கள் வரைதான் நம்பலாம். 1-க்கும் அதற்கு அடுத்துக் கணினியால் குறிக்க முடிந்த எண்ணுக்கும் இடையிலுள்ள இடைவெளி சுமார் 2.2 × 10⁻¹⁶. எண் பெரிதாகப் பெரிதாக இந்த இடைவெளியும் பெரிதாகும். 9,00,71,99,25,47,40,992 என்ற எண்ணைத் தாண்டிவிட்டால் முழு எண்களைக்கூட ஒன்றுவிடாமல் குறிக்க முடியாது. 0.1 என்ற எளிய பின்னம் இரும எண்முறையில் முடிவிலாது நீள்வதால் அது எப்போதும் வெட்டப்பட்டே வைக்கப்படுகிறது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி, விடை 0.3-க்குச் சமமா என்று கேட்டால் கணினி 'இல்லை' என்று சொல்வது இதனால்தான். இரண்டு புள்ளி எண்கள் சமமா என்று நேரடியாகக் கேட்கக் கூடாது. அவற்றின் வேறுபாடு போதிய அளவு சிறியதா என்றுதான் கேட்க வேண்டும்.

வெட்டுப்பிழை தன்னளவில் அச்சத்துக்குரியது அன்று. பதினாறாம் இலக்கத்தில் ஏற்படும் பிழை எந்தப் பாலத்தையும் சாய்க்காது. ஆபத்து, ஏறத்தாழச் சமமான இரண்டு பெரிய எண்களைக் கழிக்கும்போது வருகிறது. முதலில் கண்ட சமன்பாட்டில் வர்க்கமூலத்தின் சரியான மதிப்பு 10 கோடியிலிருந்து 2 × 10⁻⁸ மட்டுமே குறைவு. அந்த இடத்தில் அடுத்தடுத்த எண்களுக்கிடையே இடைவெளியே சுமார் 1.5 × 10⁻⁸. ஆகவே வர்க்கமூலம் அருகிலுள்ள ஏதோ ஓர் எண்ணுக்கு நகர்த்தப்படுகிறது; பிறகு 10 கோடியைக் கழித்தவுடன் நல்ல இலக்கங்கள் எல்லாம் நீங்கிப்போய், வெட்டுப்பிழை மட்டுமே விடையாக எஞ்சுகிறது. இதற்கு மாற்று எளிது. மூலங்களின் பெருக்கற்பலன் மாறிலிக்குச் சமம் என்பதால், பெரிய மூலத்தை முதலில் கண்டு 1-ஐ அதனால் வகுத்தால் சிறிய மூலம் முழுத் துல்லியத்துடன் கிடைக்கும். கணிதத்தில் சமமான இரண்டு வழிகள் கணினியில் சமமாக இருப்பதில்லை. எண்முறைக் கணிப்பு என்ற பாடம் தனியாக இருப்பதற்கான காரணமே இதுதான்.

இதே உண்மையின் இன்னொரு முகத்தை வகைக்கெழுவில் காணலாம். வகைக்கெழுவின் வரையறைப்படி இடைவெளியைச் சுருக்கச் சுருக்க மதிப்பு சரியான விடையை நெருங்க வேண்டும். சைன் சார்பின் வகைக்கெழுவை 1 ரேடியனில் இந்த முறையில் கணக்கிட்டுப் பாருங்கள். இடைவெளி 10⁻² ஆக இருக்கும்போது இரண்டு இலக்கம் அளவுக்குச் சரியாக வரும். 10⁻⁸ அளவில் ஏறத்தாழ எட்டு இலக்கம் சரியாகும். அதற்கும் கீழே போகப்போகப் பிழை மறுபடி வளரும். 10⁻¹⁶ என்று வைத்தால் விடை சுழியமாகிவிடும், ஏனெனில் 1-உடன் அவ்வளவு சிறிய எண்ணைக் கூட்டினால் கணினிக்கு அது 1-ஆகவே இருக்கிறது. இடைவெளியைக் கிடைமட்டத்திலும் பிழையைச் செங்குத்திலும் வைத்து, இரு அச்சுகளையும் மடக்கை அளவில் அமைத்து வரைந்தால், ஆங்கில எழுத்து 'வி' போன்ற ஒரு கோடு கிடைக்கும். புதிதாகத் தொடங்கும் ஒருவர் முதல் வாரத்தில் போடக்கூடிய பயிற்சிகளில் இதைவிடப் பயனுள்ளது இன்னொன்று இருப்பதாக நான் கருதவில்லை; ஐந்தாறு வரிகளில் மடக்கை அளவிலான வரைபடம், வரிசை எண்கள், வெட்டுப்பிழை, முறையின் பிழை எல்லாம் ஒன்றாகப் பிடிபடுகின்றன.

திரையில் தெரியும் எண்ணும் நினைவகத்தில் உள்ள எண்ணும் வேறு என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிட வேண்டும். மேட்லாப் வழக்கமாகப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்களே காட்டும். திரையில் 0.3333 என்று கண்டதை அடுத்த படிக்குக் கையால் தட்டச்சு செய்பவர் பன்னிரண்டு இலக்கங்களைத் தாமே தூக்கி எறிகிறார். மதிப்பை மாறியில் வைத்துக்கொண்டு மாறியையே பயன்படுத்த வேண்டும்.

அடுத்தது அணி. மின்சுற்று, தாங்குசட்டம், வெப்பக் கடத்தல், குழாய்ப் பிணையம் என்று எந்தத் துறைக் கணக்கும் பெரும்பாலும் இறுதியில் ஒரு நேரியல் சமன்பாட்டுத் தொகுதியாக வந்து நிற்கிறது. இரண்டு கணுக்கள் கொண்ட ஒரு மின்சுற்றில் கடத்துதிறன் அணியின் முதல் நிரை 3, −1 என்றும், இரண்டாம் நிரை −1, 2 என்றும், முதல் கணுவுக்குள் 5 ஆம்பியர் பாய்கிறது, இரண்டாவதற்குள் எதுவும் பாயவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். விடை 2 வோல்ட், 1 வோல்ட். அதை மீண்டும் பெருக்கிப் பார்த்தால் முதல் நிரை 6 − 1 = 5, இரண்டாம் நிரை −2 + 2 = 0; கிர்ச்சாஃப் விதி நிறைவேறுகிறது. எந்தப் புதிய மென்பொருளிலும் முதலில் செய்ய வேண்டியது இவ்வாறு கையால் சரிபார்க்கக்கூடிய ஒரு கணக்குதான். அணியை உள்ளிடும் முறை, தீர்க்கும் கட்டளை, விடையைத் திரும்பப் பெருக்கிப் பார்ப்பது ஆகிய மூன்றும் ஒரே அமர்வில் பழகிவிடும்.

இங்கே மாணவர்கள் பலர் பாடநூலில் உள்ளபடி நேர்மாறு அணியைக் கண்டு, அதனால் பெருக்குகிறார்கள். அது தேவையற்றது. காஸ் நீக்கல் முறையில் தீர்ப்பதற்கு, அணியின் வரிசையை (நிரைகளின் எண்ணிக்கையை) மூன்றாம் அடுக்குக்கு உயர்த்தி அதில் மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் வரும் அளவுக்குக் கூட்டல் பெருக்கல்கள் போதும். நேர்மாறு காண்பதற்கு அதைப்போல் மூன்று மடங்கு ஆகும். வேகத்தை விட்டாலும், வெட்டுப்பிழையும் பொதுவாகக் கூடுகிறது. மேட்லாப், ஆக்டேவ், சைலாப், ஜூலியா நான்கிலும் இடப்பக்கம் சாயும் கோடு ஒன்றை அணிக்கும் திசையனுக்கும் இடையில் போட்டால் நேர்மாறு காணாமலே தீர்வு கிடைக்கும். பைத்தானில் அதற்கென்று 'சால்வ்' என்ற ஃபங்ஷன் இருக்கிறது. நேர்மாறு அணியின் உறுப்புகளே தேவைப்படும் கணக்குகள் உண்டு, ஆனால் அவை அரிது.

தீர்வு கிடைத்துவிட்டது என்பதும் அது நம்பத்தக்கது என்பதும் ஒன்றல்ல. ஒவ்வோர் அணிக்கும் கண்டிஷன் எண் என்று ஒன்று உண்டு. உள்ளீட்டில் உள்ள சிறு பிழை விடையில் எத்தனை மடங்காகப் பெருகக்கூடும் என்பதை அது காட்டுகிறது. அந்த எண் 10-இன் எத்தனையாவது அடுக்கோ, ஏறத்தாழ அத்தனை இலக்கங்களை இழக்க நேரலாம் என்பது நடைமுறை விதி. 1, ½, ⅓ என்று பின்னங்களை அடுக்கி உருவாக்கும் ஹில்பர்ட் அணி இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. 3 வரிசையில் அதன் கண்டிஷன் எண் சுமார் 524. 5 வரிசையில் 4.8 இலட்சத்தை நெருங்குகிறது; 10 வரிசையில் 1.6 × 10¹³. பதினாறு இலக்கத்தில் பதின்மூன்று போனால் மிஞ்சுவது மூன்று. அளவீட்டுத் தரவிலேயே மூன்று இலக்கந்தான் சரி என்றால் நிலைமை இன்னும் மோசம்: அப்போது இழப்பதற்கு ஒன்றுமே இல்லை. அளவீட்டுப் புள்ளிகளுக்கு உயர்படிப் பல்லுறுப்புக்கோவையைப் பொருத்துபவர்கள் இந்தக் குழியில்தான் தெரியாமல் விழுகிறார்கள்.

அணி பெரிதாகும்போது நினைவகமும் கணக்கில் வரவேண்டும். 10,000 கணுக்கள் கொண்ட ஒரு பிணையத்துக்கு 10,000 நிரையும் 10,000 நிரலும் உள்ள அணி வேண்டும். ஓர் எண்ணுக்கு 8 பைட் வீதம் அது 80 கோடி பைட், அதாவது 800 மெகாபைட். ஆனால் ஒவ்வொரு கணுவும் தன் அண்டைக் கணுக்களோடு மட்டுமே இணைந்திருப்பதால் உறுப்புகளில் பெரும்பாலானவை சுழியமே. ஒரு கோட்டில் அமைந்த பிணையமாயின் சுழியமல்லாதவை சுமார் 30,000 மட்டுமே. சுழியமல்லாதவற்றை மட்டும் வைத்துக்கொள்ளும் 'ஸ்பார்ஸ்' அணி வகை இம்மென்பொருள்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. முதல் ஆண்டில் இது தேவைப்படாது. இறுதியாண்டுத் திட்டப்பணியில் கட்டாயம் தேவைப்படும்.

மென்பொருள்களுக்கிடையே உண்மையிலேயே வேறுபடும் இடங்களை இப்போது பார்க்கலாம், ஏனெனில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுபவர்களை இவை சத்தமில்லாமல் கவிழ்த்துவிடும். மேட்லாப் குடும்பத்தில் பெருக்கல் குறி அணிப்பெருக்கல்; உறுப்புக்கு உறுப்பு பெருக்க அதற்கு முன் ஒரு புள்ளி வைக்க வேண்டும். நம்பையில் பெருக்கல் குறியே உறுப்புக்கு உறுப்பு பெருக்கும். அணிப்பெருக்கலுக்கு மின்னஞ்சல் முகவரியில் வரும் '@' குறி. சதுர அணிகளாக இருந்தால் எந்தக் குறியைப் போட்டாலும் விடை வரும், பிழைச் செய்தி வராது. மேட்லாபில் முதல் உறுப்பின் இன்டெக்ஸ் 1, பைத்தானில் 0. இரண்டிலிருந்து ஐந்து வரை என்றால் மேட்லாபில் ஐந்தும் சேரும், பைத்தானில் சேராது. மேட்லாபில் அணியின் ஒரு பகுதியை எடுத்து மாற்றினால் மூல அணி மாறாது. நம்பையில் அப்படி எடுத்த துண்டு மூல அணியின் மேல் திறந்த சன்னலைப் போன்றது. துண்டை மாற்றினால் மூலமும் மாறும். படங்களைக் கையாளும்போது பயன்படும் 8 பிட் முழு எண்களில் 200-உடன் 100-ஐக் கூட்டினால் மேட்லாப் உச்ச மதிப்பான 255-இல் நின்றுவிடும். நம்பை அணிகளோ சுற்றிவந்து 44 என்று காட்டும்.

இவற்றையெல்லாம்விட வஞ்சகமானது அளவு பொருந்தாத கூட்டல். 100 உறுப்புகள் கொண்ட ஒரு நிரைத் திசையனையும் அதே நீளமுள்ள ஒரு நிரல் திசையனையும் கூட்டினால் கணிதப்படி அது பிழை. ஆனால் நம்பையும், 2016-ஆம் ஆண்டு இறுதிப் பதிப்பு முதல் மேட்லாபும், இரண்டையும் தாமாகவே விரித்து 100-க்கு 100 அணி ஒன்றைத் தந்துவிடும். வசதிக்காகச் செய்த ஏற்பாடுதான். தெரிந்து பயன்படுத்துபவருக்கு அது பல வரிகளை மிச்சப்படுத்துகிறது. தெரியாதவருக்கோ, ஒரு சராசரி எடுத்தவுடன் அந்த 10,000 எண்களும் ஒற்றை எண்ணாகச் சுருங்கி, தவறு நடந்த தடயமே மறைந்துவிடும். ஒவ்வொரு படிக்குப் பின்னும் அணியின் அளவை அச்சிட்டுப் பார்க்கும் வழக்கம் தொடக்கத்தில் சலிப்பாக இருக்கும். மணிக்கணக்கில் தேடும் வேலையை அது தவிர்க்கிறது. கோணங்களுக்கும் இதே கவனம் வேண்டும். சைன், கோசைன் எல்லாம் ரேடியனையே எதிர்பார்க்கின்றன. 30 பாகை என்று நினைத்து 30-ஐக் கொடுத்தால் −0.988 வரும், அதுவும் பார்வைக்கு நியாயமான எண்ணாகவே இருக்கும்.

மூன்றாவதாக, காலத்தோடு மாறும் அமைப்புகள். சுருள்வில்லில் கட்டிய நிறை, மின்தேக்கியின் மின்னேற்றம், உலையில் நடக்கும் வினை ஆகியவை வகைக்கெழுச் சமன்பாடுகளாக வருகின்றன. கணினி அவற்றைத் தொடர்ச்சியாகத் தீர்ப்பதில்லை. சிறு சிறு காலப்படிகளாக நகர்கிறது. பாடநூலில் முதலில் வரும் ஆய்லர் முறையைத் தடையில்லாமல் அலையும் ஒரு சுருள்வில்லுக்குப் பயன்படுத்திப் பார்க்கலாம். கோண அதிர்வெண் 1, காலப்படி 0.1 என்றால், ஒவ்வொரு படியிலும் அமைப்பின் ஆற்றல் சரியாக 1.01 மடங்காகிறது. ஓர் அலைவுக்குச் சுமார் 63 படிகள். அது முடிவதற்குள் ஆற்றல் ஏறத்தாழ 1.87 மடங்காகிவிடும். எங்கிருந்தும் ஆற்றல் உட்புகாத அமைப்பில் இது நடக்கவே கூடாது. காலப்படியை 0.01 ஆகக் குறைத்தாலும் ஓர் அலைவில் 6 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. வரைபடத்தில் அலை மெல்லப் பெரிதாவதைக் கண்டு அதை இயற்பியல் நிகழ்வு என்று விளக்கி அறிக்கை எழுதிவிட முடியும் என்பதுதான் கவலைக்குரியது.

நடைமுறையில் இத்தகைய கணக்குகளுக்கு ஆய்லர் முறையைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. மேட்லாபின் 'ஓ.டி.இ. 45', சைபையின் 'சால்வ் ஐ.வி.பி.' ஆகிய தீர்ப்பான்கள் (வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்கும் கட்டளைகள்) டோர்மண்ட், பிரின்ஸ் இருவரும் 1980-இல் வெளியிட்ட முறையை அடிப்படையாகக் கொண்டவை. காலப்படியின் அளவைப் பிழைக்கேற்ப அவை தாமே மாற்றிக்கொள்கின்றன. எவ்வளவு பிழையை அவை ஏற்றுக்கொள்கின்றன என்பதைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. நாம் எதுவும் சொல்லாவிட்டால் இரண்டிலும் சார்புப் பிழைக்கான (விடையின் அளவோடு ஒப்பிட்ட பிழைக்கான) எல்லை 10⁻³, தனிப் பிழைக்கான (ஒப்பிடாத பிழைக்கான) எல்லை 10⁻⁶. அந்த அமைப்பை மாற்றாமல் இயக்கிவிட்டு விடையை எட்டு இலக்கங்களுடன் அட்டவணையில் எழுதுவது பொருளற்றது. எல்லையை நூறில் ஒரு பங்காக்கி மறுபடி இயக்கினால் எத்தனை இலக்கங்கள் மாறாமல் நிற்கின்றன என்பது தெரியும். நிற்பவற்றை மட்டும் எழுதினால் போதும்.

சில சமன்பாடுகளில் இந்த முறைகள் நகராமல் திணறும். ஒரு வினை நொடியின் மிகச் சிறு பகுதியிலும் இன்னொன்று பல நாட்களிலும் நடைபெறும் வேதியியல் தொகுதிகள் அத்தகையவை. ராபர்ட்சன் 1966-இல் எடுத்துக்காட்டிய புகழ்பெற்ற கணக்கில் வினைவேக மாறிலிகள் 0.04 முதல் 3 கோடி வரை பரவியிருக்கின்றன. இவற்றுக்கு 'ஸ்டிஃப்' வகைச் சமன்பாடுகள் என்று பெயர். இவற்றுக்கென்றே தனித் தீர்ப்பான்கள் உள்ளன. புரோகிராம் பல நிமிடங்களாக ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால், கணினி மெதுவானது என்று முடிவுகட்டும் முன் தீர்ப்பானை மாற்றிப் பார்க்க வேண்டும்.

விடையைச் சரிபார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பொறியியல் வரலாற்றில் நன்கு ஆராயப்பட்ட ஒரு நிகழ்வு உண்டு. நார்வேயின் ஸ்லைப்னர் ஏ எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளம், 1991 ஆகஸ்ட் 23 அன்று ஸ்டவாங்கர் அருகேயுள்ள கடற்கழியில் நீரில் இறக்கிச் சோதிக்கப்பட்டபோது உடைந்து மூழ்கியது. விசாரணையில், வரம்புறு உறுப்பு முறையில் (கட்டமைப்பைச் சிறு துண்டுகளின் வலைப்பின்னலாகப் பிரித்துக் கணக்கிடும் முறையில்) செய்த பகுப்பாய்வில் வலைப்பின்னல் போதிய நுட்பமில்லாமல் அமைந்ததால், அறைச் சுவர்கள் சந்திக்கும் இடத்தில் வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது தெரியவந்தது. விபத்துக்குப் பின் நுட்பமாகச் செய்த பகுப்பாய்வு, சுமார் 62 மீட்டர் ஆழத்தில் சுவர் உடையும் என்றது. உண்மையில் உடைந்தது ஏறத்தாழ 65 மீட்டரில். பயன்பட்ட மென்பொருள் விண்வெளித் துறையில் பிறந்து உலகெங்கும் நம்பப்பட்ட ஒன்று. அது தன்னிடம் தரப்பட்ட கணக்கைச் சரியாகவே போட்டது.

லெவன்ஸ்பீலின் துண்டுத்தாள் கணக்கு பொருந்துவது இங்கேதான். ஒரு சுவரைத் தனி உத்தரமாகக் கருதி அதன் முனையில் வரும் வெட்டு விசையைக் கையால் மதிப்பிட ஒரு பொறியாளருக்குச் சில நிமிடங்கள் போதும். மாணவரின் அளவில் இதே வேலை வேறு வடிவங்களில் வரும்: அலகுகள் பொருந்துகின்றனவா என்று பார்த்தல், ஓர் எல்லை நிலையில் தெரிந்த விடை வருகிறதா என்று பார்த்தல், காலப்படியையோ வலைப்பின்னலையோ பாதியாக்கி விடை மாறுகிறதா என்று பார்த்தல், ஆற்றலோ நிறையோ மாறாமல் நிற்கிறதா என்று பார்த்தல். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கேட்டவுடன் புரோகிராம் எழுதித் தரும் இந்நாளில், எழுதும் உழைப்பு குறைந்திருக்கிறது. இந்தச் சோதனைகளின் தேவை குறையவில்லை, சொல்லப்போனால் கூடியிருக்கிறது.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? துறையில் கட்டுப்பாட்டுப் பொறியியலும், கட்டப்படம் வரைந்து சிமுலேஷன் செய்யும் மேட்லாபின் துணைத் தொகுப்பான சிமுலிங்க்கும் பாடத்திட்டத்தில் இருந்து, கல்லூரியே உரிமம் தருமானால் மேட்லாப் போதும்; வேறு எதையும் தேட வேண்டியதில்லை. உரிமம் இல்லையெனில் ஆக்டேவ் அதே எழுதுமுறையில் அடிப்படைக் கட்டளைகளில் பெரும்பகுதியை இயக்கும், ஆனால் சிமுலிங்க்குக்கு அதில் ஈடில்லை. கட்டப்படம் வரைந்து சிமுலேஷன் செய்ய வேண்டுமானால் சைலாபோடு வரும் எக்ஸ்காஸ் இருக்கிறது. தரவுப் பகுப்பாய்வு, இயந்திரக் கற்றல், கருவிகளோடு இணைத்தல் என்று கணிப்புக்கு வெளியேயும் போக நினைப்பவருக்குப் பைத்தானே பொருத்தம். ஜூலியா நன்றாக வடிவமைக்கப்பட்ட மொழி. ஆயினும் பக்கத்தில் இருப்பவரிடம் சந்தேகம் கேட்க முடியாத இடத்தில் அதை முதல் மொழியாகக் கொள்ள நான் பரிந்துரைக்க மாட்டேன். எக்செல் போன்ற விரிதாள்கள் சிறு அட்டவணைகளுக்கு நல்லவை; சூத்திரங்கள் கட்டங்களுக்குள் மறைந்திருப்பதால் நீண்ட கணக்குகளைப் பிறர் சரிபார்ப்பது கடினம்.

எதைத் தேர்ந்தாலும் கட்டளைச் சாளரத்தில் வரிவரியாகத் தட்டிப் பார்ப்பதோடு நிற்காமல், தொடக்கத்திலிருந்தே ஸ்கிரிப்ட் கோப்பாக எழுதிப் பழக வேண்டும். கட்டளைச் சாளரத்தில் நேற்று வைத்த மாறி இன்றும் நினைவகத்தில் இருக்கும். இன்றைய கணக்கு அதைப் பயன்படுத்திக்கொண்டு சரியாக ஓடுவதுபோல் தோன்றும். மறுநாள் புதிதாகத் திறந்தால் ஓடாது. பைத்தானைக் கட்டம் கட்டமாக எழுதி இயக்க உதவும் ஜுபிட்டர் நோட்டுப்புத்தகத்தில் கட்டங்களை மேலும் கீழுமாக இயக்குவதாலும் இதே குழப்பம் வருகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒருமுறை இயக்கி, அதே விடை வந்த பிறகுதான் அறிக்கையில் எண்ணை எழுத வேண்டும். சமவாய்ப்பு எண்களைப் பயன்படுத்தும் கணக்கானால் அவற்றின் தொடக்க விதையெண்ணை நிலையாக வைத்திருக்க வேண்டும். மென்பொருளின் பெயரோடு பதிப்பு எண்ணையும், தீர்ப்பானுக்குக் கொடுத்த பிழை எல்லைகளையும் அறிக்கையில் ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டால், அதே கணக்கை வேறொருவர் தம் கணினியில் போட்டுப் பார்த்து ஒப்பிட முடியும்.